நண்பகலில் கூவிய கோல்

கலைச்சொல் ஆக்குவோர் சில வேளைகளில் தம்மையறியாமலே கவிஞர்களாகிவிடுகிறார்கள். 'இன்ஃப்ராரெட்' என்பதற்குத் தமிழில் 'அகச்சிவப்பு' என்று பெயரிட்டார்கள். 'அல்ட்ராவயலெட்' 'புற ஊதா' ஆனது. இலத்தீனில் 'இன்ஃப்ரா' என்றால் கீழே. 'அல்ட்ரா' என்றால் அப்பால். சிவப்புக்குக் கீழே, ஊதாவுக்கு அப்பால் என்பதற்கு மேல் அச்சொற்களில் வேறு ஆழம் இல்லை. தமிழுக்கு வந்து சேர்ந்தபோது கீழே என்பது அகமாகவும் அப்பால் என்பது புறமாகவும் மாறிவிட்டன. வானவில்லின் இரு ஓரங்களிலும் அகமும் புறமும் வந்து அமர்ந்துகொண்டன. ஆண்டுதோறும் அகத்திணையையும் புறத்திணையையும் வகுப்பறையில் நடத்திவரும் எனக்கு இதில் ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

'ஒளி' என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. பெயர்ச்சொல்லாக நின்றால் வெளிச்சம். வினையாக நின்றால் மறைதல். ஒளி வந்தது என்றால் இருள் விலகியது. ஒருவன் ஒளிந்தான் என்றால் கண்ணுக்குத் தப்பிவிட்டான். அகச்சிவப்பு என்பது இவ்விரு பொருளையும் ஒருங்கே சுமக்கும் பொருள். அது ஒளிந்திருக்கும் ஒளி. ஐயமுள்ள நண்பர்கள் தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து, அதன் முனையைச் செல்பேசியின் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பல செல்பேசிகளில், குறிப்பாக முன்புறக் கேமராவில், வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு புள்ளி துடிப்பதைத் திரையில் காணலாம். கண் காணாததைக் கருவி காண்கிறது. நம் வீட்டு வரவேற்பறையில் நாள்தோறும் நடக்கும் கண்கட்டு இது.

இந்த ஒளிந்த ஒளியைக் கொண்டு, அருகில் ஏதேனும் உண்டா இல்லையா என்று அறியும் சிறு கருவிகள் இன்று எங்கும் நிறைந்துள்ளன. கையை நீட்டினால் தானே நீர் தரும் குழாய், செல்பேசியைக் காதில் வைத்தவுடன் திரையை அணைக்கும் கண்காணாப் புள்ளி, தரைக்கோட்டைப் பிடித்து ஓடும் மாணவர்களின் விளையாட்டு வண்டி என்று எத்தனையோ. 'அண்மை உணரி' என்று இதனைச் சொல்லலாம். இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே சுட்டெழுத்துகள் நினைவுக்கு வரும். இகரம் அண்மைச் சுட்டு, அகரம் சேய்மைச் சுட்டு. இவன் என்றால் அருகிலிருப்பவன்; அவன் என்றால் தொலைவிலிருப்பவன். இந்தக் கருவிக்குத் தெரிந்த இலக்கணமெல்லாம் அவ்வளவே. 'இது' என்று சொல்லத் தெரியும். அதைச் சொல்வதற்குள் அது படும் பாடுதான் இங்கே நான் எழுத வந்தது.

பாடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், இதன் வேலை கேட்பதற்கு மிக எளியது. ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு அகச்சிவப்பு ஒளியை முன்னே வீசுகிறது. எதிரே சுவரோ கையோ இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. விளக்கின் அருகிலேயே இருக்கும் ஒளியுணர் டையோடு அதை வாங்கிக்கொள்கிறது. திரும்பி வந்தது மிகுதியானால் பொருள் அருகில், குறைவானால் தொலைவில், எதுவும் வரவில்லையானால் வெட்டவெளி. பலரும் எண்ணுவது போல இது உடலின் சூட்டை அறிவதில்லை. ஆள் நுழைந்தவுடன் தானே எரியும் விளக்குகளில் இருப்பது அந்த வகை; நம் உடல் தானாக வெளியிடும் அகச்சிவப்பின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். அண்மை உணரி வீசுவதோ அதில் பத்தில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர். ஆகவே இது சூட்டைத் தேடுவதில்லை. தான் எறிந்த ஒளியின் எதிரொளியைத் தேடுகிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அகச்சிவப்பை வீசுவது இந்த விளக்கு மட்டுமன்று, சூரியனும் வீசுகிறது. பூமியின் தரைக்கு வந்துசேரும் சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி அகச்சிவப்புதான். ஒரு வகுப்பறையின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். நண்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் குரலைத் தேடும் தாயின் நிலைமை இந்தச் சிறு டையோடுக்கு. குரல் வரத்தான் செய்கிறது. ஆனால் கூட்டம் ஓயவில்லையே.

2019ஆம் ஆண்டு எங்கள் கல்லூரியில் இது எனக்குப் பாடப்புத்தகச் செய்தியாக இல்லாமல் கண்ணெதிரே நடந்த ஒன்றாயிற்று. அப்போது முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டில் பார்வையற்ற மாணவர் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். ஐந்து வயதில் காய்ச்சலுக்குப் பின் பார்வையை இழந்தவர். நினைவாற்றல் மிக்கவர். விடுதியிலிருந்து எங்கள் துறைக்கு வர ஒரு திறந்த திடலைக் கடந்து, பழைய கட்டடத்தின் நீண்ட தூண் தாழ்வாரத்தில் நடந்து வரவேண்டும். வெள்ளைக் கோல் ஒன்றை வைத்திருந்தார். அந்தக் கோல் தரையில் கிடப்பவற்றை நன்றாகவே சொல்லிவிடும். சொல்லாதவை மேலே இருப்பவை: தாழ்ந்து தொங்கும் வேப்பங்கிளை, யாரோ திறந்தபடி விட்டுச்சென்ற ஜன்னல் கதவு. கோல் அவற்றுக்குக் கீழே எளிதாகச் சென்றுவிடும். நெற்றி செல்லாது.

மின்னணுவியல் துறையில் இறுதியாண்டு படித்த மூன்று மாணவர்கள் இதைக் கேள்விப்பட்டு, தங்கள் செயல்திட்டமாக ஒரு கோலைச் செய்ய முன்வந்தனர். சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்களுக்குக் கிடைக்கும் உணரிப் பலகையை வாங்கிவந்து, கோலின் பிடியில் மேல்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினர். விற்கப்படும்போது அந்தப் பலகை ஒரு சாண் தொலைவுக்குச் சற்று மேல்தான் உணரும். கூடுதலாகச் சில எல்.இ.டி.களைச் சேர்த்து அதை ஒரு கை நீளத்துக்கு நீட்டினர். அதில் நீல நிறத்தில் ஒரு சிறு பெட்டியும் அதன் தலையில் ஒரு திருகும் இருக்கும். எவ்வளவு ஒளி திரும்பி வந்தால் 'தடை' என்று கூவவேண்டும் என்பதைத் திருப்புளியால் அத்திருகைத் திருப்பி அமைத்துவிடலாம். ஆய்வகத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில் வைத்து அமைத்தனர். மிகச் சிறப்பாக வேலை செய்தது. கதவருகே சென்றால் கூவும், விலகினால் அடங்கும். எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாள் காலையில் கோல் திடலுக்கு வந்தது. நிழலை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததுமே கூவத் தொடங்கியது. தாழ்வாரத்தின் நிழலை எட்டும்வரை நிறுத்தவில்லை. எதிரே சுவருமில்லை, மரமுமில்லை. வெயில் மட்டுமே இருந்தது. அந்த எளிய பலகைக்குத் தன் விளக்கின் ஒளி எது, சூரியனின் ஒளி எது என்று பிரித்தறியத் தெரியாது. குறித்த அளவுக்கு மேல் அகச்சிவப்பு வந்தால் எதிரே பொருள் உண்டு என்பதுதான் அதற்குக் கற்பிக்கப்பட்ட ஒரே பாடம். ஆய்வகத்தின் குழல்விளக்கு அகச்சிவப்பை மிகக் குறைவாகவே வெளியிடும். அதனால்தான் அங்கே தேர்வில் வென்றது. பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு அதன் கீழே சோதித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். குண்டு பல்பின் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பாகத்தான் வெளியேறுகிறது.

மாணவர் பொறுமையானவர். நான்கைந்து நாள் அந்தக் கூச்சலோடு நடந்தார். பிறகு திடலில் நடக்கும்போது பொத்தானை அணைத்துவிட்டு, நிழலுக்கு வந்ததும் போட்டுக்கொள்ளத் தொடங்கினார். ஒரு நண்பகலில் அணைத்ததைப் போட மறந்து தாழ்வாரத்தில் ஏறினார். அங்கே ஒரு ஜன்னல் கதவு திறந்திருந்தது. புருவத்துக்கு மேலே கிழிந்து மூன்று தையல் போடவேண்டியதாயிற்று.

மறுநாள் கட்டுப்போட்ட நெற்றியோடு வகுப்புக்கு வந்தவர், செய்தவர்களைக் குறைசொல்லவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "அம்மா, எப்போதும் 'பார்த்துப் போ, பார்த்துப் போ' என்று சொல்லிக்கொண்டே ஒருவர் கூட வந்தால் கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வது காதில் விழாமல் போய்விடும் இல்லையா? அப்படித்தான்." ஓயாத எச்சரிக்கையும் எச்சரிக்கையின்மையும் ஒன்றே என்பதை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இவ்விடத்தில் அகச்சிவப்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்லவேண்டும். கோலில் விடுபட்டுப்போன ஒன்று அந்தக் கதையின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

வில்லியம் ஹெர்ஷல் இசைக்கலைஞராக வாழ்வைத் தொடங்கியவர். இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலய ஆர்கன் வாசித்தவர். பின்பு வானியலில் ஈடுபட்டு 1781இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். சூரியனைத் தொலைநோக்கியால் பார்க்க அவர் பல நிறக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினார். சில கண்ணாடிகளின் வழியே வெளிச்சம் குறைவாகவும் சூடு மிகுதியாகவும் வருவதை உணர்ந்தார். நிறத்துக்கு நிறம் சூடு வேறுபடுமோ என்ற ஐயம் எழுந்தது. 1800ஆம் ஆண்டு சூரிய ஒளியை ஒரு முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, மேசைமேல் விழுந்த நிறமாலையில் குமிழில் கருமை பூசிய வெப்பமானியை ஒவ்வொரு நிறமாக வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்லச் சூடு ஏறியது. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத வெற்றிடத்தில் வைத்தபோது இன்னும் ஏறியது. ஒளிந்திருந்த ஒளி அன்று பிடிபட்டது.

பள்ளிப் புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடும். ஆனால், ஹெர்ஷல் ஒரு வெப்பமானியை மட்டும் வைக்கவில்லை. நிறத்தில் ஒன்றை வைத்தபோது, நிறமாலைக்கு வெளியே பக்கத்தில் வேறு வெப்பமானிகளையும் வைத்தார். அவை எந்த நிறத்தையும் அளக்கவில்லை. அறையின் சூட்டை மட்டும் அளந்தன. நிறத்திலிருந்த வெப்பமானியின் அளவிலிருந்து அறையின் அளவைக் கழித்தபோதுதான் அந்த நிறத்துக்கே உரிய சூடு எவ்வளவு என்று சொல்ல முடிந்தது. சும்மா பக்கத்தில் கிடந்த அந்த வெப்பமானிகள் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பை நம்புவதற்கு வழியில்லை. அகச்சிவப்பு உலகுக்கு அறிமுகமானதே ஒரு கழித்தல் கணக்கின் வழியாகத்தான்.

நம் கோலில் இல்லாதது அந்தப் பக்கத்து வெப்பமானி. நல்ல அண்மை உணரிகளில் அது உண்டு, வேறு வடிவில். அவை முதலில் தம் விளக்கை அணைத்துவிட்டு, இருக்கும் ஒளியை மட்டும் அளக்கின்றன. உடனே விளக்கைச் சிமிட்டி மீண்டும் அளக்கின்றன. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் மீதி நிற்பது தன்னுடைய ஒளி மட்டும். 'நான் பேசாதபோது இங்கே என்ன ஒலித்தது? நான் பேசியபோது எவ்வளவு கூடியது?' என்பதே அதன் கேள்வி. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலான நேரம் மிகச் சிறிதாக இருக்கவேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. தாமதித்து அளந்தால் விளக்கின் அசைவே பொருளின் அசைவாகத் தோன்றிவிடும். அதனால் சில கருவிகள் சிமிட்டலுக்கு முன்பும் பின்பும் இருளை அளந்து, இரண்டின் சராசரியைக் கழிக்கின்றன.

கழித்தல் மட்டும் போதுவதில்லை. முகப்பில் கரிய நெகிழிச் சில் ஒன்றைப் பதித்துக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கிறார்கள். ரிமோட் வாங்கிகளில் நொடிக்கு 38 ஆயிரம் முறை துடிக்கும் ஒளியை மட்டுமே கேட்கும்படி செவியைப் பழக்கியிருக்கிறார்கள். சூரியன் அப்படித் துடிப்பதில்லை. 940 நானோமீட்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. காற்றிலுள்ள நீராவி அந்த அலைநீளத்தை ஒட்டிய சூரிய ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே தரைக்கு வரும் வெயிலில் அந்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. வெயிலுக்குள்ளேயே இருக்கும் நிழல் அது. அந்த நிழலில் தன் சிறு விளக்கை ஏற்றிவைத்துக்கொள்கிறது கருவி. காற்றின் ஈரம் இடும் பந்தல் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு உவகை உண்டாகிறது.

இத்தனைக்குப் பிறகும் வெயில் முற்றாக விலகிவிடாது. தகரக் கூரையில் பெய்யும் மழையைப் போன்றது ஒளி. சராசரியாக இவ்வளவு துளி என்று கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு கணத்திலும் விழும் துளிகள் அந்தச் சராசரியைச் சற்றே மீறியும் குறைந்தும் விழுந்துகொண்டிருக்கும். அந்த மீறலைக் கழிக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: மீண்டும் மீண்டும் கேட்டுச் சராசரி காண்பது. நூறு முறை கேட்டால் அந்த இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் மின்கலம் செலவாகிறது. ஆகவே சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் உணரி, முதலில் பின்புல ஒளியின் அளவை அறிகிறது. அறைக்குள் சில சிமிட்டல்களோடு நிறுத்திக்கொள்கிறது. வெயிலில் சிமிட்டல்களைக் கூட்டுகிறது, வாங்கும் திறனைக் குறைத்துக்கொள்கிறது, எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்று சொல்வது என்னும் வரம்பையும் மாற்றிக்கொள்கிறது. நீலத் திருகைத் திருப்புளியால் ஒரு முறை திருப்பி வைத்துவிட்டுப் போகாமல், கணத்துக்குக் கணம் தானே திருகிக்கொண்டிருக்கிறது.

நம் கண்ணும் இதைத்தான் செய்கிறது. வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியாது. அரைமணி நேரம் இருந்தால் மூலையில் கிடக்கும் பாயும் தெரியும். பகலில் விண்மீன்கள் எங்கும் போய்விடுவதில்லை. பின்புலம் உயர்ந்துவிடுகிறது, அவ்வளவே.

மின்னணுவியல் மாணவர்கள் இவற்றுள் தம்மால் முடிந்தவற்றைச் செய்தனர். உணரிக்கு ஒரு கரிய குழாய் மாட்டினர். ஒரு சிறு ஆர்டுயினோ பலகையைச் சேர்த்து, விளக்கை அணைத்தும் ஏற்றியும் அளந்து கழிக்கும் நிரலை எழுதினர். திடலில் கூச்சல் அடங்கியது. அனைவரும் நிறைவடைந்திருந்த வேளையில் நம் மாணவர் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இப்போது கோல் சும்மா இருக்கிறது. எதிரே ஒன்றும் இல்லை என்று சும்மா இருக்கிறதா? கண் கூசி ஒன்றும் தெரியவில்லை என்று சும்மா இருக்கிறதா? இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதானே கேட்கும்?"

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்தக் கேள்வியின் கூர்மை அத்தகையது. நேர் வெயில் டையோடில் விழுந்தால் அது தன் உச்ச அளவை எட்டி அப்படியே நின்றுவிடும். நிரம்பிய குடத்தில் ஒரு கிண்ணம் நீரை ஊற்றினாலும் குடத்தின் அளவு கூடாது. விளக்கை ஏற்றினாலும் அணைத்தாலும் அளவு ஒன்றே. கழித்தால் பூச்சியம். பூச்சியம் என்றால் எதிரே எதுவும் இல்லை என்று நிரல் முடிவு செய்யும். அதாவது, முதற்கோல் தெரியாததை 'உண்டு' என்று பொய் சொன்னது. இரண்டாம் கோல் தெரியாததை 'இல்லை' என்று பொய் சொல்கிறது. நெற்றிக்கு எது கொடியது என்று விளக்கவேண்டியதில்லை.

தரமான உணரிச் சில்லுகள் பலவற்றில் இதற்கென ஒரு தனிக் குறி இருப்பதைப் பிற்பாடு அம்மாணவர்கள் வழியாக அறிந்தேன். ஒளி மிகுந்து உணரி நிரம்பிவிட்டால், 'இந்த அளவை நம்பாதே' என்று அக்குறி உயரும். மாணவர்கள் தங்கள் நிரலிலும் அதைச் சேர்த்தனர். தடை இருந்தால் விரைந்த அதிர்வு. கண் கூசினால் நீண்டு மெதுவாக ஓர் அதிர்வு. தெளிந்த வெளியானால் மௌனம். மௌனம் முதன்முறையாகப் பொருளுள்ளதாயிற்று. 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டோடு 'அறியேன்' என்ற மூன்றாம் சொல்லைக் கற்றுக்கொண்ட பிறகே அந்தக் கோலின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மனிதர்களில் எத்தனை பேரிடம் இந்தக் குறி வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி.

ஒருநாள் அவரோடு தாழ்வாரத்தில் நடந்தேன். பேசிக்கொண்டே வந்தவர் எந்தத் தடுமாற்றமும் இன்றிச் சரியாக எங்கள் துறையின் வாசலில் திரும்பினார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பதினொரு தூண், அம்மா" என்றார். தூணை அவர் தொடவில்லை, கோலும் தொடவில்லை. தூணுக்குத் தூண் இடைவெளியில் வெயில் விழும், தூணருகே நிழல். இடது கன்னத்தில் ஒரு சூடு, ஒரு குளிர்ச்சி, ஒரு சூடு, ஒரு குளிர்ச்சி. அதை எண்ணிக்கொண்டே வருவாராம். பிற்பகலில் வெயில் மறுபக்கம் போய்விடும். அப்போது காலடியோசை சுவரில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு கணக்கிடுவாராம். "மேகம் போட்டால்தான் கொஞ்சம் சிரமம்" என்று சிரித்தார்.

எனக்கு மெய் சிலிர்த்தது. கருவி எதைக் கழித்துக் கழித்துத் தூர எறிகிறதோ அதையே அவர் படித்துக்கொண்டு வருகிறார். ஹெர்ஷலின் வெப்பமானி மேசைமேல் செய்ததை அவர் கன்னம் தாழ்வாரத்தில் செய்கிறது. கோலுக்கு இரைச்சலாக இருக்கும் சூரியன் அவருக்குச் செய்தியாக இருக்கிறது. பின்புலம் என்று ஒன்று பொருளிலேயே இருப்பதில்லை. கேட்பவரின் தேவைதான் ஒன்றைப் பின்புலமாக்கி, இன்னொன்றைப் பொருளாக்குகிறது.

தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் மாவும் மரமும் பறவையும் கருப்பொருள். புணர்தல், பிரிதல் முதலிய ஒழுக்கங்கள் உரிப்பொருள். பாடலின் உயிர் உரிப்பொருள்தான். ஆனாலும் நிலமும் பொழுதும் 'முதல்' என்றே பெயர் பெற்றிருக்கின்றன. மாணவர்கள் பலர் தேர்வுக்குப் படிக்கையில் முதற்பொருளைப் பின்னணி என்று தள்ளிவிட்டு, தலைவி என்ன சொன்னாள் என்பதற்கு விரைகிறார்கள். மாலையா நண்பகலா, மழைக்காலமா வேனிலா என்று அறியாமல் அவள் சொன்னதை எப்படி அளப்பது? பொழுதை அறிந்த பிறகே குரலின் அளவு தெரியும். பாலைத்திணைக்குச் சிறுபொழுது நண்பகல். பிரிவைச் சொல்ல நம் முன்னோர் தேர்ந்த பொழுதும் எங்கள் கோல் கண்கூசி நின்ற பொழுதும் ஒன்றாக இருந்தது தற்செயலே. ஆயினும் ஒவ்வோராண்டும் பாலையை நடத்தும்போது அந்தத் திடல் என் நினைவில் வந்துவிடுகிறது.

கோலின் முடிவையும் சொல்லவேண்டும். மாணவர்கள் தேர்ச்சி பெற்றுச் சென்றார்கள். கை நீளத் தொலைவில் எச்சரிக்கும் கருவி, நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் நடக்கும் ஒருவருக்குப் போதிய முன்னறிவிப்பைத் தருவதில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. வெயில் தொல்லை கொடுக்காத மீயொலியைப் பயன்படுத்தி, மூன்று மீட்டர் வரையிலான தடைகளை அறிவிக்கும் கருவி ஒன்றை டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாக்கியிருக்கிறார்கள், 'ஸ்மார்ட்கேன்' என்ற பெயரில் 2014இல் அது வெளிவந்தது. வௌவாலின் வழி அது. நம் மாணவர் இப்போது ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். பழைய வெள்ளைக் கோலோடுதான் நடக்கிறார். புருவத்தின் மேலே மெல்லிய தழும்பு இருக்கிறது. அந்தப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் தொலைபேசியில் பேசியபோது, இங்கே தாழ்வாரம் வடக்கு நோக்கியது, வெயிலே விழுவதில்லை, புதிதாகத்தான் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்.

உங்கள் செல்பேசியின் மேல்விளிம்பில் இருக்கும் சிறு சில்லுக்குள் இப்போதும் இந்தக் கழித்தல் நடந்துகொண்டிருக்கலாம். பல செல்பேசிகளில் அண்மை உணரியின் பக்கத்திலேயே, அதே பொதிக்குள், இன்னோர் ஒளியுணரியும் அமர்ந்திருக்கிறது. முதலாவது எதைக் கழிக்கிறதோ அந்தச் சுற்றுப்புற ஒளியை அளப்பதே இரண்டாவதன் தொழில். அந்த அளவைக் கொண்டுதான் உங்கள் திரை வெயிலில் பளிச்சிடுகிறது, படுக்கையறையில் மங்குகிறது. ஒருவர் வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறார். ஒரு நகக்கண் அளவுகூட இல்லாத இடத்தில் இருவரும் சண்டையின்றிக் குடியிருக்கிறார்கள்.